அப்பாவோட ரிட்டயர்மென்ட் பணம்... போன்ல ஆன்டிவைரஸ் போட்டா பத்திரமா இருக்குமா? - நெய்வேலி வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விசாரணை!

``பாப்பா, இந்த ஆப்பைப் போட்டா பேங்க் பணத்தை ஒருத்தனும் தொட முடியாதாம். வருஷத்துக்கு 999 ரூபாதானாம். போட்டுடவா?"

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்க குவார்ட்டர்ஸ் வாசல்ல, மாமரத்து நிழல்ல சேர் போட்டு உட்கார்ந்துகிட்டு அப்பா இதைக் கேட்டார். முப்பது வருஷத்துக்கு மேல சுரங்கத்துல ஷிஃப்ட் பார்த்தவர். இன்னும் சில மாசத்துல ரிட்டயர்மென்ட்.

நெய்வேலிக்காரங்களுக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்னு தெரியும். இங்க ரிட்டயர்மென்ட்னா ரெண்டு விஷயம் ஒரே நேரத்துல நடக்கும். ஒண்ணு, நாம பொறந்து வளர்ந்த குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிக் கொடுக்கணும். இன்னொண்ணு, பி.எஃப், கிராஜுவிட்டினு வாழ்நாள் சம்பாத்தியம் மொத்தமா பேங்க் அக்கவுன்ட்டுக்கு வரும். அந்தப் பணம்தான் அப்புறம் இந்திரா நகர்லயோ வடலூர்லயோ ஒரு வீடா மாறணும். அதுவரைக்கும் அது அக்கவுன்ட்ல கிடக்கும். அந்த அக்கவுன்ட்டோட சாவி, அப்பா சட்டைப் பையில இருக்கிற செல்போன்ல இருக்கு.

அதனால `போடுங்கப்பா'ன்னும் சொல்லலை, `வேணாம்பா'ன்னும் சொல்லலை. ``ஒரு வாரம் டைம் கொடுங்க, விசாரிச்சு சொல்றேன்"னு சொன்னேன். விசாரிச்சதுல தெரிஞ்சதுதான் இது. உங்க வீட்டுலயும் ஒரு அப்பாவோ அம்மாவோ இதே கேள்வியைக் கேட்பாங்க. இல்ல, நீங்களே ப்ளே ஸ்டோர்ல `இன்ஸ்டால்' பட்டன் மேல விரலை வெச்சு யோசிச்சுக்கிட்டு இருப்பீங்க.

பண்ருட்டியில் திறந்த `பேங்க் கிளை'

முதல்ல ஒரு கதை. நிஜமா நடந்தது, அதுவும் நம்ம பக்கத்து ஊர் பண்ருட்டியில்.

2020 ஜூலை. லாக்டௌன் காலம். பண்ருட்டியில் ஸ்டேட் பேங்க்குக்கு இருந்தது ரெண்டே கிளைகள்தான். திடீர்னு மூணாவதா `வடக்கு பஜார் கிளை'ன்னு ஒண்ணு முளைச்சிருந்தது. ஒரு வாடிக்கையாளர், ஏற்கெனவே இருந்த கிளைக்குப் போய் `புதுசா ஒரு கிளை திறந்திருக்கீங்களே'ன்னு விசாரிச்சிருக்கார். அங்கே இருந்தவங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதிகாரிகள் நேர்ல போய்ப் பார்த்தா, கம்ப்யூட்டர், லாக்கர், சலான், ரப்பர் ஸ்டாம்ப்னு எல்லாமே அச்சு அசல் பேங்க் மாதிரி! நடத்தினது 19 வயசுப் பையன். முன்னாள் வங்கி ஊழியர்களோட மகன். சலான் அச்சடிச்சுக் கொடுத்தவர், ஸ்டாம்ப் செஞ்சு கொடுத்தவர்னு மொத்தம் மூணு பேர் கைதானாங்க. நல்லவேளையா, பணம் போச்சுன்னு யாரும் புகார் கொடுக்கலை.

அப்போ இந்தச் செய்தியைப் படிச்சு நாம எல்லாரும் சிரிச்சோம், மீம் போட்டோம். ஆனா, இப்போ கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அந்தப் போலிக் கிளைக்கு ஒருத்தர் தன் பணத்தைக் கட்ட எடுத்துட்டுப் போறார்னு வெச்சுக்குவோம். அவர் வீட்டு பீரோவுல எத்தனை பூட்டு போட்டிருந்தா என்ன பிரயோஜனம்? அவரேதானே பணத்தைத் தூக்கிட்டு நடந்து போறார்!

செல்போன்லயும் இதேதான் நடக்குது. பண்ருட்டிக்கு லாக்கரும் கவுன்ட்டரும் தேவைப்பட்டுச்சு. போன்ல ஒரு லோகோ போதும்.

பணம் எப்படிப் போகுது?

2024-ல மட்டும் சைபர் மோசடிகள்ல இந்தியர்கள் இழந்த தொகை 22,845 கோடி ரூபாய்க்கு மேல்னு மத்திய அரசு நாடாளுமன்றத்துல சொல்லியிருக்கு. எந்தெந்த வழியில போகுதுன்னு தெரிஞ்சாதான் பூட்டை எங்கே போடணும்னு தெரியும்.

முதல் வழி, பேச்சு. `கே.ஒய்.சி முடிஞ்சிடுச்சு', `உங்க பேர்ல பார்சல்ல போதைப்பொருள்', `டிஜிட்டல் அரெஸ்ட்'னு பேசிப் பயமுறுத்தி, நம்ம கையாலேயே பணத்தை அனுப்ப வைக்கிறது. இதுல வைரஸே கிடையாது. அதனால எந்த ஆன்டிவைரஸும் இதைப் பிடிக்காது.

ரெண்டாவது, ஸ்கிரீன் ஷேரிங். `உதவி பண்றோம், இந்த ஆப்பைப் போடுங்க'ன்னு சொல்லி, உங்க திரையை அவன் பார்க்கிற மாதிரி செய்றது. எனிடெஸ்க் ஆப்பை இப்படித் தவறாப் பயன்படுத்துறாங்கன்னு 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எச்சரிச்சது. எனிடெஸ்க் வைரஸ் இல்லை. கம்பெனிகள்ல தினமும் பயன்படுத்துற நல்ல மென்பொருள். அதனால இங்கேயும் ஆன்டிவைரஸ் பெரும்பாலும் சும்மாதான் இருக்கும்.

மூணாவது, ஏ.பி.கே ஃபைல். இதுலதான் ஆன்டிவைரஸுக்கு நிஜமாவே வேலை இருக்கு. வாட்ஸ்அப்ல `கல்யாணப் பத்திரிகை', `டிராஃபிக் ஃபைன்', `பி.எம் கிசான்'னு ஏதாவது ஒரு பேர்ல ஒரு ஃபைல் வரும். பத்திரிகைன்னா போட்டோவாவோ பி.டி.எஃப்பாவோதானே வரணும்? பேரோட கடைசியில `.ஏ.பி.கே'ன்னு இருந்தா அது பத்திரிகை இல்லை, ஆப். அதைத் தட்டி இன்ஸ்டால் பண்ணி, கேட்கிற அனுமதியெல்லாம் கொடுத்தா, உங்க எஸ்.எம்.எஸ்ஸை அது படிக்கும். அதாவது, உங்களுக்கு வர்ற ஓ.டி.பி அவனுக்கும் போகும். கூடவே உங்க நம்பர்ல இருந்தே உங்க சொந்தக்காரங்களுக்கும் அதே `பத்திரிகை' போகும். தெரிஞ்சவங்க நம்பர்ல இருந்து வந்ததாலதான் அடுத்தவங்களும் நம்பித் திறக்கிறாங்க.

போன்லயே இருக்கிற வாட்ச்மேன்

நிறைய பேருக்குத் தெரியாத விஷயம் இது. கூகுள் ப்ளே ஸ்டோர் இருக்கிற ஒவ்வொரு ஆண்ட்ராய்டு போன்லயும் `ப்ளே புரொடெக்ட்'னு ஒரு ஸ்கேனர் ஏற்கெனவே இருக்கு. காசு கிடையாது. ப்ளே ஸ்டோர்ல இருந்து வந்த ஆப், வெளியில இருந்து வந்த ஆப்னு ரெண்டையும் அது பார்க்கும். வெளியில இருந்து வர்ற ஆப் எஸ்.எம்.எஸ் படிக்கிற மாதிரியான ஆபத்தான அனுமதிகளைக் கேட்டா, இன்ஸ்டால் ஆகவிடாமலே தடுக்கிற வசதியை இந்தியாவுக்குக் கொண்டு வர்றதா 2024 அக்டோபர்ல கூகுள் அறிவிச்சது.

இதுக்கு மேல, ஆண்ட்ராய்டுல ஒவ்வொரு ஆப்பும் தனித்தனி அறையில பூட்டின மாதிரிதான் இயங்கும். ஒரு ஆப் இன்னொரு ஆப்போட உள் விவரங்களைப் பார்க்க முடியாது. இது நல்ல விஷயம்தான். ஆனா, ஆன்டிவைரஸ் ஆப்பும் அதே மாதிரி ஒரு அறைக்குள்ளதான் இருக்கும். கம்ப்யூட்டர்ல இருக்கிற ஆன்டிவைரஸ் அளவுக்கு அதிகாரம் அதுக்குக் கிடையாது. ஐபோன்ல இது இன்னும் கறார். அங்கே எந்த ஆப்பாலும் மத்த ஆப்களை ஸ்கேன் பண்ணவே முடியாது. `ஐபோன் ஆன்டிவைரஸ்'னு விக்கிறது பெரும்பாலும் வி.பி.என், பாஸ்வேர்டு லாக்கர், மோசமான லிங்க்கைத் தடுக்கிற வசதி மாதிரியான சங்கதிகள்தான்.

காவல்காரன் வேஷத்துல திருடன்

`எதுக்கும் ஒண்ணு எக்ஸ்ட்ராவா இருக்கட்டுமே'ன்னு தோணும். எனக்கும் தோணுச்சு. அப்புறம் இதையெல்லாம் படிச்சேன்.

2014-ல `வைரஸ் ஷீல்டு'ன்னு ஒரு ஆப் ப்ளே ஸ்டோர்ல வந்தது. விலை 3.99 டாலர். பத்தாயிரம் பேருக்கு மேல வாங்கினாங்க. கட்டண ஆப்கள் பட்டியல்ல முதலிடத்துக்கே போச்சு. அந்த ஆப் செஞ்ச ஒரே வேலை என்ன தெரியுமா? தட்டினா, பெருக்கல் குறி போய் டிக் குறி வரும். அவ்வளவுதான்! விஷயம் வெளியில வந்ததும் கூகுள் அதைத் தூக்கிட்டு, வாங்கினவங்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

2019-ல ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஏ.வி-கம்பேரட்டிவ்ஸ் பரிசோதனை நிறுவனம் 250 ஆண்ட்ராய்டு ஆன்டிவைரஸ் ஆப்களைச் சோதிச்சது. நல்ல ஆப்களைத் தப்பாப் பிடிக்காம, கெட்டதுல 30 சதவிகிதத்துக்கு மேல பிடிச்சவை 80 மட்டும்தான்.

2022-ல இன்னும் மோசம். `செக் பாயின்ட்' நிறுவனம் ப்ளே ஸ்டோர்லயே ஆறு போலி ஆன்டிவைரஸ் ஆப்களைக் கண்டுபிடிச்சது. உள்ளே இருந்தது `ஷார்க்பாட்'ங்கிற, பேங்க் விவரங்களைத் திருடுற நிரல். 15,000 தடவைக்கு மேல டவுன்லோடு ஆகியிருந்தது. பாதிப்பு பெரும்பாலும் இத்தாலியிலயும் இங்கிலாந்துலயும். இந்தியா உட்பட சில நாட்டு போன்களை அது தொடாத மாதிரி எழுதியிருந்தாங்க. அந்தத் தடவை தப்பிச்சோம். ஒவ்வொரு தடவையும் அப்படி அமையாது.

இப்போ அப்பாவுக்கு வந்த விளம்பரத்துக்கு வர்றேன். ஏதோ ஒரு வீடியோவுக்கு நடுவுல `உங்க போன்ல 13 வைரஸ் இருக்கு'ன்னு சிவப்புக் கலர்ல வந்து, கீழே `உடனே நீக்கு'ன்னு ஒரு பட்டன். ஒரு வெப்சைட்டால உங்க போனை ஸ்கேன் பண்ணி வைரஸை எண்ண முடியாது. அதனால `13 வைரஸ்'னு வந்தாலே அது பொய்னு முடிவு பண்ணிக்கலாம்.

சரி, யார் போடணும்? யாருக்கு வேண்டாம்?

வேண்டாம்: உங்க போனுக்கு இன்னும் செக்யூரிட்டி அப்டேட் வருது, ப்ளே ஸ்டோர் தவிர வேற எங்கே இருந்தும் ஆப் போடுறதில்லைன்னா தனியா காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். ஐபோன்காரங்களுக்கும் இதே பதில்தான்.

போடலாம்: ஒரே போனைக் குழந்தைங்க, தாத்தா, பாட்டினு எல்லாரும் எடுத்து எதை வேணா தட்டுற வீடா? பெயர் தெரிஞ்ச நிறுவனத்தோட இலவச ஆப் ஒண்ணு இருக்கட்டும். நம்ம சென்னையில இருந்து இயங்குற கே7, புனேவோட குயிக் ஹீல் மாதிரி இந்திய நிறுவனங்களும் இந்தத் தொழில்ல பல வருஷமா இருக்காங்க. மத்திய அரசோட `சைபர் ஸ்வச்சதா கேந்திரா' மூலமா, சி-டாக் உருவாக்கின `எம்-கவச் 2' ஆப்பும் இலவசமாவே கிடைக்குது.

லேப்டாப்: விண்டோஸ் 10, 11-ல `டிஃபெண்டர்' கூடவே வருது. பெரும்பாலான வீடுகளுக்கு அதுவே போதும். ஆனா, விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட்டை 2025 அக்டோபர் 14-ஓட மைக்ரோசாஃப்ட் நிறுத்திடுச்சு. பழைய லேப்டாப்னா 11-க்கு மாத்துங்க. முடியலைன்னா அதுல நெட் பேங்கிங் வேண்டாம். `கிராக்' பண்ணின சாஃப்ட்வேரும் கேமும் போடுறவங்களா? ஆன்டிவைரஸ் வாங்குறதைவிட அதை நிறுத்துறதுதான் நல்லது. வாங்கினாலும் ஒண்ணே ஒண்ணு. ரெண்டு போட்டா அதுங்களே சண்டை போட்டுக்கிட்டு மெஷினை ஸ்லோ ஆக்கிடும்.

அப்டேட் நின்னுபோன பழைய போன்: ஆன்டிவைரஸால ஓரளவுக்குத்தான் காப்பாத்த முடியும். பேங்க் ஆப்பை மட்டுமாவது வீட்டுல இருக்கிற புது போனுக்கு மாத்திடுங்க.

எதைப் போட்டாலும் ஒரு விஷயத்துல கவனம். `அக்சஸிபிலிட்டி' அனுமதி கேட்டா நிதானமா யோசிங்க. கண் பார்வைக் குறைபாடு இருக்கிறவங்களுக்கு உதவறதுக்காக வந்த வசதி அது. அதைக் கொடுத்தா, அந்த ஆப் உங்க திரையைப் படிக்கும், உங்களுக்குப் பதிலா பட்டனையும் அமுக்கும். திருட்டு ஆப்கள் முதல்ல கேட்கிறதே இதைத்தான்.

அங்கிள் சொல்லாம விட்ட விஷயம்

இவ்வளவையும் விசாரிச்சுக்கிட்டு இருந்தப்போதான், எங்க தெருவுல ஒரு அங்கிளுக்கு நடந்தது தெரியவந்தது. ரிட்டயர் ஆனவர். தெரிஞ்சவர் நம்பர்ல இருந்து வந்த `பத்திரிகை'யைத் திறந்திருக்கார். அன்னிக்கு ராத்திரியே மூணு தவணையில 48,000 ரூபாய் போயிருக்கு. மெசேஜும் வந்திருக்கு. பார்த்துட்டு, வீட்டுல ஒருத்தர்கிட்டயும் சொல்லலை. பதினோரு நாள்!

``பையன் என்ன நினைப்பான்? `உங்களுக்கு எதுக்கு ஸ்மார்ட்போன்'னு கேட்பானே... அந்த வெட்கத்துலயே இருந்துட்டேம்மா"ன்னார். எத்தனையோ பேருக்கு வேலை கத்துக்கொடுத்த மனுஷன், தலையைக் குனிஞ்சுக்கிட்டு சொன்னார்.

அந்தப் பதினோரு நாள் ஏன் முக்கியம்னு சொல்றேன். 2017 ஜூலை 6-ல் ரிசர்வ் வங்கி ஒரு விதி கொண்டு வந்தது. அதன் சாரம் இதுதான்:

- தப்பு பேங்க் மேலயும் இல்லாம உங்க மேலயும் இல்லாம, வேற எங்கேயோ ஓட்டை விழுந்து பணம் போயிருந்தா, மெசேஜ் வந்த மூணு வேலை நாளுக்குள்ள பேங்க்ல சொல்லணும். சொன்னா உங்களுக்கு நஷ்டம் பூஜ்யம்.
- நாலுல இருந்து ஏழு வேலை நாளுக்குள்ள சொன்னா, சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை உங்க தலையில.
- அதுக்கு மேல போனா, அந்த பேங்க்கோட கொள்கைப்படி.
- ஓ.டி.பி, பாஸ்வேர்டை நீங்களே கொடுத்திருந்தா, புகார் கொடுக்கிற நேரம் வரை போன பணம் உங்க பொறுப்பு. புகார் கொடுத்த பிறகு போறதெல்லாம் பேங்க் பொறுப்பு.

தப்பு வாடிக்கையாளர் மேலதான்னா, அதை நிரூபிக்க வேண்டியதும் பேங்க்தான். ஆக, எந்தக் கணக்குல பார்த்தாலும் சீக்கிரம் சொன்னவருக்கு லாபம். தப்பு நம்ம மேலயே இருந்தாலும்!

1930-க்கு போன் பண்ணினா, பணம் எந்த பேங்க்குக்குப் போயிருக்கோ அங்கே உடனே தகவல் போகும். அந்தப் பணம் இன்னும் அங்கேயே இருந்தா நிறுத்தி வைக்கலாம். திருடன் அதை அடுத்தடுத்த அக்கவுன்ட்டுக்கு மாத்திக்கிட்டே இருப்பான். அதனால இங்கே கணக்கு நாள்ல இல்லை, நிமிஷத்துல.

ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம்

அப்பாவும் நானும் அன்னிக்குச் செஞ்சது இது. நீங்களும் உங்க வீட்டுல செய்யலாம்.

1. ப்ளே ஸ்டோர்ல, மேல இருக்கிற உங்க படத்தைத் தட்டி, `ப்ளே புரொடெக்ட்' ஆன்ல இருக்கான்னு பார்த்து ஒரு ஸ்கேன்.

2. செட்டிங்ஸ்ல `இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்'ல போய், வாட்ஸ்அப், க்ரோம் ரெண்டுக்கும் அனுமதி ஆஃப். இது ஒண்ணை மட்டும் செஞ்சாலே, வாட்ஸ்அப்ல வர்ற கல்யாணப் பத்திரிகை ஏ.பி.கே-வைத் தெரியாம தட்டினாலும் ஒரு தடுப்பு இருக்கும்.

3. `அக்சஸிபிலிட்டி' லிஸ்ட்லயும், எஸ்.எம்.எஸ் அனுமதி லிஸ்ட்லயும் தெரியாத பேர் இருக்கான்னு பார்த்தோம். அப்பா போன்ல எப்பவோ போட்ட ஒரு டார்ச் லைட் ஆப் எஸ்.எம்.எஸ் படிக்கிற அனுமதியோட உட்கார்ந்திருந்தது. டார்ச்சுக்கு எதுக்கு எஸ்.எம்.எஸ்? தூக்கிட்டோம்.

4. பேங்க் வெப்சைட்டை கூகுள்ல தேடாம நேரா டைப் பண்ணிப் போகணும். ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி இந்திய பேங்க்குகளோட முகவரி இப்போ `டாட் பேங்க் டாட் இன்'னு முடியுது. 2025 அக்டோபர் 31 தான் அதுக்கு மாற அவங்களுக்குக் கொடுத்த கெடு. பண்ருட்டி மாதிரி போலிக் கிளையா, நிஜக் கிளையான்னு கண்டுபிடிக்க இப்போ ஒரு அடையாளம் கிடைச்சிருக்கு.

5. ரிட்டயர்மென்ட் பணம் வர்ற அக்கவுன்ட்ல யு.பி.ஐ இணைக்கலை. காய்கறி, பால், ரீசார்ஜுக்கு இன்னொரு சின்ன அக்கவுன்ட். அதுல எப்பவும் சில ஆயிரம்தான். மெயின் பஜார்ல ஸ்கேன் பண்ற அக்கவுன்ட்லயே வீடு கட்டுற பணம் எதுக்கு இருக்கணும்?

6. பேங்க் ஆப்ல ஒரு நாளைக்கு அனுப்புற தொகைக்கான வரம்பைக் குறைச்சோம்.

7. 1930-ஐயும், பேங்க் கார்டுக்குப் பின்னாடி இருக்கிற நம்பரையும் போன்ல சேமிச்சோம். அதோட ஒரு பேப்பர்ல எழுதி ஃப்ரிட்ஜ்லயும் ஒட்டினோம். போனே கெட்டுப்போனா பேப்பர்தானே கைகொடுக்கும்? அந்தப் பேப்பர்ல இன்னொரு வரியும் இருக்கு: `சந்தேகமா இருந்தா நெட்டை ஆஃப் பண்ணு. வேற போன்ல இருந்து கூப்பிடு.'

எல்லாம் சேர்த்து அரை மணி நேரம். செலவு பூஜ்யம். அந்த 999 ரூபாய் ஆப்பைப் போடலை.

பெல்ட் ஓரத்துக் கயிறு

எல்லாத்தையும் முடிச்சுட்டு அப்பாகிட்ட ஒரு குட்டி லெக்சர் எடுத்தேன். பொறுமையா கேட்டுட்டு, அவர் ஒண்ணு சொன்னார்.

``மைன்ஸ்ல கன்வேயர் பெல்ட் கிலோமீட்டர் கணக்குல ஓடும்ல... அது ஓரமாவே ஒரு கயிறு போகும். புல் கார்டும்போம். ஹெல்மெட், ஷூ எல்லாம் போட்டுத்தான் போவோம். ஆனாலும் ஏதாவது தப்பாத் தெரிஞ்சா, யாரையும் கேட்க வேணாம், கயிறை இழுத்துடணும். பெல்ட் நின்னுடும். எதுக்கு இழுத்தேங்கிறதை அப்புறம் பேசிக்கலாம். நீ சொல்ற 1930 அதானே?"

``அதேதாம்பா."

``அங்க இன்னொண்ணும் இருக்கு பாப்பா. இழுத்தவனைத் திட்டக் கூடாது. திட்டினா, அடுத்த தடவை எவனும் இழுக்க மாட்டான்."

எனக்கு அந்த அங்கிளோட முகம் ஞாபகத்துக்கு வந்தது. அதோட, `இதுகூடத் தெரியாதாப்பா'ன்னு அப்பாகிட்ட நான் எத்தனை தடவை எரிஞ்சு விழுந்திருக்கேன்ங்கிறதும்.

அன்னிக்குச் சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்புறப்போ அப்பாகிட்ட ஒரு வாக்கு கொடுத்தேன். ``எதைத் தட்டியிருந்தாலும் சரி, எவ்ளோ போயிருந்தாலும் சரி, ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் முதல்ல 1930, அடுத்து எனக்கு. நான் ஒரு வார்த்தை திட்ட மாட்டேன்."

உங்க அப்பா, அம்மாவுக்கு இந்த வாக்கைக் கொடுத்துட்டீங்களா? ஆப் போடலாமா வேணாமாங்கிறதை அப்புறம் பார்த்துக்கலாம். இதை இன்னிக்கே சொல்லிடுங்க!